காயத்தைக் கழுவியது யார்?

எனக்கு எழுபத்திரண்டு வயசு. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூணு நான் பெத்தது, ஒண்ணு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. நாலும் இன்றைக்கு யார் வாசலிலும் போய் நிற்காமல் பிழைக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. தேனியில் நான் வேலை பார்த்த தோல் ஆஸ்பத்திரியில் புதுசாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளா, நீங்கள் என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு உங்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "பாட்டி, லேசரப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாது. அந்த மிஷினைத் துடைத்திருக்கிறேனே தவிர அதன் பொத்தானைத் தொட்டதில்லை. தொடவும் கூடாது, அது டாக்டரம்மா வேலை. அந்தக் கட்டிலில் வந்து படுக்கிற ஆளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸில் ஊர்ப்பேர் படிக்க வரும். அதற்கு மேல் கிடையாது. நான் "சொன்னாக" என்றால் இவள் "சொன்னார்" என்று எழுதுகிறாள். இருக்கட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

நம் லேசர் அறைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதி, ஆசைப்பட்டுப் பச்சை குத்திக்கொண்டு ஆசை தீர்ந்ததும் வருகிறவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மற்றவர்கள் குத்தாமலே பச்சை விழுந்தவர்கள். பைக்கில் போய்த் தார் ரோட்டில் கன்னம் தேய்ந்தவன், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் கவிழ்ந்து நெற்றியில் மண் ஏறியவள், இப்படி. புண் ஆறித் தோல் மூடிக்கொள்ளும். உள்ளே போன கறுப்பு உள்ளேயே தங்கி ஊதாவாகத் தெரியும். சோப்பும் போக்காது, மஞ்சளும் போக்காது. லேசர் வெளிச்சம்தான் தோலுக்குள் போய்க் கறுப்பைத் தூளாக உடைக்கும். உடைந்ததை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போய்விடும். டாக்டரம்மா எனக்குச் சொன்னது இவ்வளவுதான். இது போதுமானதாக இருந்தது.

இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற அறையில் ஆயாவாக இருந்தேன். அங்கே ஒரு நர்சம்மா. குமுளிப் பக்கத்து மலையாளத்துக்காரர். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். காயம் என்று யார் வந்தாலும் "எப்படிப் பட்டுச்சு?" என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் அதைக் கேட்க மாட்டார். "இது ஆரு கழுகி?" என்று கேட்பார். காயத்தை முதலில் கழுவினது யார் என்று அர்த்தம். கழுவினவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, உள்ளே என்ன இருந்தது, என்ன நிறத்தில் தண்ணி போனது, மேலே என்ன வைத்துக் கட்டினீர்கள் என்று விசாரிப்பார்.

"பட்டவன்கிட்ட கேட்டா என்னம்மா?" என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

"அவன் வேதனையில கண்ணை அடைச்சுக் கெடந்தான். அவன் எந்தா கண்டது?" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை அவர்.

நான் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு லேசர் அறைக்கு வந்தேன். இங்கேயும் அது பலித்தது. நெற்றியில் ஊதாத் தழும்போடு ஒரு பெண் வந்தாள். ரோட்டில் விழுந்தேன் என்றாள், பொய்யும் இல்லை. ஆனால் கழுவின மாமியாரைக் கேட்டபோது, ரத்தம் நிற்கவில்லையென்று அடுப்புக்கரியை நுணுக்கி உள்ளே வைத்து அழுத்தியது அந்தம்மாதான் என்று தெரிந்தது. நம் பக்கத்தில் கரி வைப்பார்கள், காப்பித்தூள் வைப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரோட்டுத் தார் எதுவும் இல்லை, பூராவும் கரிதான். இன்ன பொருள் என்று தெரிந்ததும் டாக்டரம்மா அதற்குத் தக்கபடி பார்த்துக்கொண்டார். இதை எழுதுகிற பேத்தியின் உள்ளங்கையிலும் ஒரு புள்ளி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பென்சில் முனை குத்தி ஒடிந்தது. அதைக் கழுவினது நான். வெறும் பென்சில்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் பேரைச் சொல்ல மாட்டேன். ஊர் கெங்குவார்பட்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் அவர்களுக்கு மக்காச்சோளக் காடு.

அப்பனும் மகனுமாக வந்தார்கள். பையன் நல்ல உயரம், ஓடி ஓடிப் பழகின உடம்பு. இடது கன்னம், தாடை, கழுத்து, இடது முழங்கை வரைக்கும் கறுப்புப் புள்ளிகள். எள்ளை அள்ளி வீசின மாதிரி. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், சீக்கிரமே செலக்சன். முகத்தில் பச்சை குத்தின ஆள் என்று தள்ளிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வயசும் அந்தத் தடவையோடு முடிகிறது. வீட்டில் ஒரே ஆண்பிள்ளை. காட்டில் விளைவதை வைத்துக் குடும்பம் நிற்கவில்லை. இதெல்லாம் அப்பன் சொன்னது.

"எப்படிப் பட்டது?" டாக்டரம்மா கேட்டார்.

"பைக்குலேருந்து விழுந்துட்டான் தாயி. வத்தலக்குண்டு ரோட்டுல. பூராம் தாரு."

"தேய்ச்ச மாதிரி இல்லையே. இழுத்த கோடு ஒண்ணுகூட இல்ல. புள்ளி புள்ளியா இருக்கு."

"பொடி ஜல்லி கொட்டிக் கெடந்துச்சு தாயி. அதுல விழுந்தான்."

டாக்டரம்மா பையனைப் பார்த்தார். பையன் அப்பனைப் பார்த்தான்.

"ஆமா டாக்டர். ரோடுதான்" என்றான்.

அன்றைக்குக் கூட்டம். நான் பக்கத்து அறையில் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் வந்தபோது பையனைப் படுக்க வைத்துக் கண்ணுக்கு மூடி போட்டாகிவிட்டது. என் கேள்வியைக் கேட்க அன்றைக்கு இடம் வாய்க்கவில்லை. டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு அவசரம் என்று கெஞ்சினாலும் முதல் நாள் முழுசாகச் செய்ய மாட்டார். மறைவான இடத்தில் ஒரே ஒரு புள்ளியில் வைத்துப் பார்ப்பார். இவனுக்கு இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தார்.

நான் பையனின் கையைப் பிடித்திருந்தேன். கண்ணை மூடிக் கிடக்கிறவனுக்கு அந்தக் கைதான் அறை. நம் கை நடுங்கினால் அவனுக்கு அறையே நடுங்கும்.

அந்த மிஷின் அடிக்கும்போது எப்போதும் சுண்டின மாதிரி ஒரு சத்தம் வரும். அன்றைக்கு வந்தது அந்தச் சத்தம் இல்லை. ஒரு பொறி பறந்தது. லேசருக்கான தடுப்புக் கண்ணாடி போட்டிருந்த எனக்கே தெரிந்தது. பையன் "அம்மா" என்று உதறினான். பிறகு வாடை. ரோமம் கருகின வாடை என்றால் நமக்குப் பழக்கம். இது தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் நிற்கிற வாடை.

டாக்டரம்மா மிஷினின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டார். மிஷின் நின்றது. அந்தப் புள்ளி இருந்த இடத்தில் கடுகு போட்டு அழுத்தின மாதிரி ஒரு பள்ளம், ஓரத்தில் ரத்தம். நான் ஈரத்துணியை வைத்து அமுக்கினேன். அந்த வாடை எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வாடை, அப்பனுக்கும்தான்.

"இது தார் இல்ல" என்றார் டாக்டரம்மா. "இது வெடிமருந்து. இதுல லேசர் பட்டா உள்ளுக்குள்ளயே வெடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் இப்படி ஆகும். எப்படிப் பட்டதுன்னு இப்பவாவது சொல்லுங்க."

"தாரு தாயி. சத்தியமாத் தாரு."

"தார்ல பொறி பறக்காதுங்க."

"ஒங்க மிசினுல கோளாறா இருக்கும்" என்றார் அப்பன். சட்டென்று குரல் மாறிவிட்டது. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. மதுரையில ஒரே தடவையில மொகம் பூராம் எடுத்துர்றாகளாம். நாளைக்கே போயிக்கிர்றோம். ஏலே, எந்திரிடா."

டாக்டரம்மா அவரை வெளி அறைக்குக் கூப்பிட்டுப் போய்ப் பொறுமையாகப் பேசிப் பார்த்தார். அவர் தாரிலேயே நின்றார். திரும்பி வந்த டாக்டரம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் செய்ய மாட்டேன்னு சொல்லலாம். வேற எடத்துக்குப் போகாதீங்கன்னு கட்டிவைக்க முடியாது. அங்க போயும் தார்னுதான் சொல்லுவாங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகளா. நாம் தப்பித்தாயிற்று. ஒரு புள்ளியோடு நிறுத்தியாயிற்று. கதவைத் திறந்துவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடலாம். ஆனால் அந்தப் பொய்யும் அவர்களோடு மதுரைக்குப் போகும். அங்கே வேறொரு டாக்டர், வேறொரு அவசரம், ஒரு புள்ளி பார்க்கிற பொறுமை இல்லாத ஆளாக இருந்தால் பையன் முகம் அவ்வளவுதான். பொய் இங்கேயே உடைய வேண்டும், அதுவும் அவர்கள் வாயாலேயே உடைய வேண்டும். நாம் அடித்து உடைத்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

நான் அப்பனிடம் போனேன்.

"அண்ணே, அன்னைக்குக் காயத்தக் கழுவுனது யாரு?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இவன் ஆத்தாதான்" என்று வந்துவிட்டது.

"அவுக எங்கன?"

"கீழ நிக்கிறா. அவ எதுக்கு? அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஊரிலிருந்து வந்த மூன்று பேரில் ஒருத்தியை மட்டும் கீழே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். அதற்கு மேல் நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பையன் கழுத்தில் இருந்த துணியை அவன் கையிலேயே கொடுத்து, அமுக்கிப் பிடிடா என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

மருந்துக் கடை வாசலில், ஜூஸ் வண்டியை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் மஞ்சப்பை. என்னுடைய நீலச்சேலையைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி ஆள் என்று தெரிந்துகொண்டாள்.

"முடிஞ்சிருச்சாக்கா? பிள்ளைக்கு வலிச்சுச்சா?"

என்ன நடந்தது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பைக்கு, ரோடு, தார் என்று சொல்லிக்கொடுத்த பாடம்தான் வரும். "மகன் காயத்தக் கழுவுனீங்களே, தண்ணி என்ன நெறத்துல போச்சு?" என்று கேட்டேன்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"கறுப்பா" என்றாள். "மோட்டார் ரூம் தொட்டியில வச்சுக் கழுவுனேன். தொட்டித் தண்ணி பூராம் கறுத்துப்போச்சு."

"வாடை?"

"எங்கையில அந்த வாடை நாலஞ்சு நாளாப் போகலக்கா. சோறு பெசையும்போதெல்லாம் அடிச்சுச்சு." அதைச் சொன்னதும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. மஞ்சப்பையை மாரோடு பிடித்துக்கொண்டாள். "நீங்க போலீசுல சொல்லிருவீகளா?"

சோளக்காட்டில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு ராத்திரியில் முழுக் காட்டையும் உழுதுபோட்டுவிடும். அதற்காகச் சிலபேர் வெடியை உருண்டையாகக் கட்டி வரப்பில் வைக்கிறார்கள். பன்றி கடித்தால் வெடிக்கும். மாடு கடித்தாலும் வெடிக்கும், மண்வெட்டி பட்டாலும் வெடிக்கும். பிடித்தால் கேசு. அப்பன் வைத்ததை மகனிடம் சொல்லவில்லை, மகன் வரப்பை வெட்டப் போயிருக்கிறான், மண்வெட்டி பட்டு வெடித்துவிட்டது. இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. கண் தப்பியது பெரிசு. கேசு என்று வந்தால் அப்பன் உள்ளே, மகனுக்கு ராணுவமும் இல்லை என்று மூன்று பேரும் பைக்கையும் ரோட்டையும் கட்டிவிட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் யார் கன்னம் கறுத்தாலும் பைக்குதான் காரணம், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பயப்படாதே, யாரும் சொல்ல மாட்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் உடனே மேலே வந்திருப்பாள். நான் சொல்லவில்லை. டாக்டரம்மா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு நான் வாக்குக் கொடுக்கிறதில்லை.

"டாக்டரம்மாவுக்காக நான் பேச முடியாது. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். காதுக்குக் கீழ ஒரு புள்ளியில வெளிச்சம் வச்சாக. அது வெடிச்சுக் குழியாப் போச்சு. ஒங்க வீட்டுக்காரரு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறாரு. அங்க மொகம் பூராம் வைப்பாக. நீங்க இங்கன நிக்கணுமா, மேல வரணுமான்னு நீங்களே பாத்துக்கங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினேன். பின்னால் பார்க்கவில்லை. படி திரும்புகிற இடத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

அவளைப் பார்த்ததும் அப்பன் எழுந்துவிட்டார். "ஏய், ஒன்னைய யாரு மேல வரச் சொன்னா?"

அவள் மகன் கழுத்தில் இருந்த துணியை விலக்கி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம், "பன்னிவெடி டாக்டரம்மா" என்றாள். "நாந்தான் கழுவுனேன்."

"வாய மூடுறியா இல்லையா?"

"நீங்க மூடுங்க. பன்னிக்கு வச்சதுல பிள்ளை பாதி போனான். மிச்சத்தப் பொய்யச் சொல்லிப் போக்கிராதீக."

அப்பன் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கெட்ட மனுசன் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

கத்தினது பையன்தான். "அம்மா, ஒனக்கு அறிவிருக்கா? செலக்சன் போச்சு!" பிறகு என்னைப் பார்த்தான். "இந்தக் கெழவி எதுக்குக் கீழ போச்சு? இதுக்கு என்ன வேலை இங்கன?"

"அவங்க வேலையைத்தான் பார்த்தாங்க" என்றார் டாக்டரம்மா. எனக்காகப் பரிந்து பேசினார் என்று நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொன்னார். பிறகு பையனுக்கு நேராக உட்கார்ந்து விவரம் சொன்னார்: ஆறின பழைய காயம், எனக்குத் தோல்தான் வேலை, போலீஸ் வேலை இல்லை. ஆனால் காட்டில் இன்னும் வெடி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இதற்கு லேசர் கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு துணுக்காகக் கிளறித்தான் எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். செலக்சனுக்குள் முடியாது.

"அந்தக் குழி?" என்று பையன் கேட்டான்.

"அது நான் போட்டது. கொஞ்சம் ஆறும், முழுசாப் போகாது."

செலக்சனுக்கு அவன் முகத்தில் புள்ளியோடுதான் போனான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தானாம். உடம்பைப் பரிசோதிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். வயசு தாண்டிவிட்டது, பிறகு போகவும் முடியவில்லை. இதை அவன் அம்மா வந்து சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். அப்போது வேலைக்குப் புதுசாக வந்திருந்த ஒரு பிள்ளை, "ஒங்களுக்கு மனசு கஷ்டமா இல்லையா?" என்று என்னிடம் கேட்டது. இல்லை. முகம் முழுக்கக் குழி விழுந்திருந்தாலும் அவனை எடுத்திருக்க மாட்டார்கள். இதில் கஷ்டப்பட எனக்கு ஒன்றுமில்லை.

துணுக்கு எடுக்கிறதற்கு ஒழுங்காக வந்தான். ஒவ்வொரு தடவையும் தாடையைப் பிடித்துக்கொள்கிறது நான்தான். வெகுநாள் என்னோடு பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. பேசாதவனைப் பேசவைப்பது நம் வேலை இல்லை. அசையாமல் பிடிப்பதுதான் வேலை. அம்மாக்காரிதான் வெளியே உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வாள். காட்டைச் சுற்றி இப்போது பழைய சேலைகளைக் கட்டிவிட்டார்களாம், கலர் கலராக ஆடினால் பன்றி உள்ளே வராது என்று. "என் சேலை பூராம் காட்டுலதான் கட்டிக் கெடக்குக்கா. கல்யாண வீட்டுக்குக் கட்டப் பன்னிகிட்டதான் போய்க் கேக்கணும்" என்று சிரிப்பாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒன்றை வழக்கமாக்கினார். கறுப்புத் தழும்போடு யார் வந்தாலும், கழுவின ஆள் வரும்வரை கண்ணுக்கு மூடி போடுகிறதில்லை. ஆள் வர முடியாவிட்டால் போனிலாவது பேச வேண்டும். கூட்டம் என்றாலும் சரி, அழுதாலும் சரி. நீங்கள் இன்றைக்குக் கேட்கிற கேள்வி அப்படி வந்ததுதான். அதைக் கடனே என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை அங்கேயே நில்லுங்கள்.

வேலையை விட்ட பிறகு ஒரு நாள் லோயர் கேம்ப்பில் இருக்கிற பெரிய மகளைப் பார்க்கக் கிளம்பினேன். கம்பம் பஸ் ஸ்டாண்டு வாசலில் குமுளிக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் நின்றன. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பொம்பளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவர் என்னையே பார்த்தான். பிறகு உள்ளே இருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னான்: "ஏ அக்கா, தள்ளி எடங் குடு. என்னைய பட்டாளத்துக்குப் போகவிடாமப் பண்ணுன ஆளு வந்திருக்கு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா, நாந்தான்" என்றேன். "எனக்குப் பின்னாடி ஒக்காந்தா வயித்தப் பெரட்டும். முன்னாடி எடம் போடு."

போட்டான். அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். கன்னம் சுத்தமாக இருந்தது. கழுத்தும் அப்படித்தான். யாரும் இவனை இன்ன காயம் பட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். காதுக்குக் கீழே மட்டும் அந்தக் கடுகுப் பள்ளம் இருந்தது. அது எங்களுடையது. வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆத்தா, எழுதினது போதும். பேனாவை வை. இப்போ முதலிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசி. அவன் என்னைக் கெழவி என்று சொன்னதைப் பாட்டி என்று மாத்தியிருந்தால், இப்பவே அடிச்சுத் திருத்து.